நீலமேகத்தின் அப்பா

நீலமேகத்தின் அப்பா அன்று காலையில் மட்டும் இருபத்தைந்து தடவை செத்துப்போனார். ஒவ்வொரு தடவையும் அதே கட்டில், அதே இருமல், மகனின் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு வாங்கிய அதே சத்தியம்: நீ வக்கீலாக வேண்டும். மங்கையர்க்கரசியும் சளைக்காமல் இருபத்தைந்து தடவை சிவப்புப் பேனாவால் ஓரத்தில் டிக் போட்டு ஐந்து என்று எழுதினாள். விடைக்குறிப்பின்படி அப்பாவின் சாவுக்கும் சத்தியத்துக்கும் ஐந்து, அம்மாவின் கண்ணீருக்கு மூன்று, ஊர்ப்பேச்சுக்கு இரண்டு, ஆகப் பத்து. கேள்வி இதுதான்: 'நீலமேகம் என்னும் இளைஞனைப் பிறருடைய எதிர்பார்ப்புகள் எவ்வாறு உருவாக்குகின்றன? புதினத்தின் வழி விளக்குக.' மே மாதத்துத் திருச்சி வெயிலில், பல்கலைக்கழகத்து விடைத்தாள் திருத்தும் முகாமில், ஒரு கல்லூரியின் பெரிய கூடத்தில் இருபத்து நான்கு மேஜைகளில் இருபத்து நான்கு தமிழாசிரியர்கள் உட்கார்ந்து அந்த மனிதரைக் கொன்றுகொண்டிருந்தார்கள். ஒரு மேஜைக்கு நாற்பது தாள் என்றாலும் தொள்ளாயிரத்து அறுபது சாவு. மேலே மின்விசிறி சுற்றுகிறதோ இல்லையோ சத்தம் மட்டும் போட்டது. தாள்கள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்திருந்தார்கள். காவிரியில் பொறுக்கியதாக இருக்கும், வழவழவென்று இருந்தது, மங்கை அதை அடிக்கடி உள்ளங்கையில் வைத்துக் குளிர்ச்சி பார்த்துக்கொண்டாள். பதினோரு மணி டீ வந்து போயாயிற்று. இருபத்தாறாவது தாளை எடுத்தாள். இதற்குள் இந்தப் பிள்ளை கடிதப் பகுதியில் அரைகுறை, இலக்கணத்தில் சைபர், செய்யுளில் ஏதோ தட்டித் தடவி இருபத்திரண்டு மதிப்பெண் சேர்த்திருந்தது. முப்பது எடுத்தால் பாஸ். எட்டு வேண்டும், பாக்கியிருப்பது நாவல் கேள்வி ஒன்றுதான். அப்பாவைக் கொன்றுவிட்டு அம்மாவை அழவிட்டால் எட்டு வந்துவிடும், பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தபடியே மங்கை பக்கத்தைத் திருப்பினாள். நீலமேகத்தின் அப்பா சாகவில்லை என்று எழுதியிருந்தது.

அவள் முதலில் அதை எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தாள். பிழைக்குப் பஞ்சமில்லாத தாள்தான் அது. ஆனால் அடுத்த வரியும் அதற்கடுத்த வரியும் அதையேதான் சொல்லின. 'நீலமேகத்தின் அப்பா சாகவில்லை. எல்லாரும் செத்ததாக எழுதுவார்கள். போன தடவை நானும் அப்படித்தான் எழுதினேன். நாவலில் அவருக்கு இருமல் நின்றுவிடுகிறது. மறுநாள் காலையில் காப்பி கேட்கிறார். சத்தியம் எதுவும் வாங்கவில்லை. என்ன படிக்க என்று நீலமேகம் கேட்டதற்கு உன் இஷ்டம் என்று மட்டும் சொல்கிறார். அவனுக்கு அதுதான் பயமாகப் போய்விடுகிறது. அம்மா முகத்தைப் பார்க்கிறான். மாமா முகத்தைப் பார்க்கிறான். அப்பா வேலை பார்க்கும் வக்கீல் வீட்டில் வக்கீல் முகத்தைப் பார்க்கிறான். யாருக்கு என்ன வேண்டும் என்று அவனே கண்டுபிடித்துக்கொள்கிறான். ஊரில் பேசுகிறார்கள், ஆனால் அதுவும் அவன் சட்டம் படிக்கப் போனதற்குப் பிறகுதான் பேசுகிறார்கள். யாரும் சொல்லாத எதிர்பார்ப்புதான் நீலமேகத்தை உருவாக்குகிறது.' அவ்வளவுதான். முக்கால் பக்கம். 'உருவாக்குகிறது'க்கு அடியில் கோடு போட்டிருந்தது, அதுவும் ஸ்கேல் வைக்காமல். மங்கை கூழாங்கல்லைக் கீழே வைத்தாள். காது மடல் இரண்டும் சுட்டது. வெயில் அதற்குக் காரணமில்லை என்பது அவளுக்கே தெரியும், ஏனென்றால் அந்த மனிதரைக் கொன்றது அவள்தான். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஐந்து நாளில்.

கைடு. பல்லாயிரம் பிள்ளைகள் உருப்போட்ட, விடைக்குறிப்பு தயாரித்தவரும் கூச்சமில்லாமல் பார்த்து எழுதிய, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் அச்சடித்த அந்த மஞ்சள் அட்டைக் கைடு. அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்காது, 'பேராசிரியர் குழு' என்றிருக்கும். அந்தக் குழுவுக்கு அப்போது வயது இருபத்திரண்டு, எம்.ஏ. இரண்டாம் வருஷம், ஒற்றைச் சடை, ஒரு இங்க் பேனா. நாவல் கேள்வி பதில் வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது என்று பதிப்பகத்துக்காரர் சொன்னார், குழு சரியென்று தலையாட்டியது. நூலகத்தில் இருந்தது ஒரே பிரதி. பழைய பைண்டிங், எடுத்தால் தும்மல் வரும். தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அடுத்து நூற்று இருபத்தொன்பதாம் பக்கம். நடுவில் முப்பத்திரண்டு பக்கம் எவன் பிடுங்கினானோ, எந்தக் கரையான் தின்றதோ. தொண்ணூற்றாறின் கடைசியில் அப்பா இருமுகிறார், நீலமேகம் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். நூற்று இருபத்தொன்பதின் ஆரம்பத்தில் சென்னையில் சட்டக்கல்லூரி விடுதி அறை, ஆணியில் கறுப்புக் கோட்டு. அதற்குப் பிறகு அப்பா தலைகாட்டவே இல்லை. ஒரு பக்கம் இருமல், மறுபக்கம் கோட்டு, நடுவில் என்ன நடந்திருக்கும்? யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்கள். மங்கையும் அதைத்தான் எழுதினாள். எழுதும்போது அழுதாள்கூட. அப்புறம் எங்காவது முழுப்பிரதி கிடைத்தால் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாள், நினைத்தாள், இருபத்தொரு வருஷம் நினைத்தாள். அதே நாவல் பாடத்தில் போய் வந்து, போய் வந்து, கடையில் புதுப்பதிப்பே அடுக்கி வைத்திருந்த காலத்திலும் அந்தப் பக்கம் அவள் கை போகவில்லை. கல்லூரியில் நாவல் வகுப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு இலக்கணத்தை வாங்கிக்கொண்டாள். இலக்கணத்தில் யாரும் சாவதில்லை.

'என்ன மங்கை, ஒரே தாளை வச்சிக்கிட்டு உட்கார்ந்துட்டீங்க?' பக்கத்து மேஜை ரோஸ்லின் மேரி, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை, கை திருத்திக்கொண்டிருந்தாலும் வாய் சும்மா இருக்காது. 'எழுத்துப் புரியலையா? புரியலேன்னா சராசரியாப் போட்டுட்டுப் போங்க.' மங்கை கேட்டாள், 'ரோஸ்லின், நீங்க இந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா?' ரோஸ்லின் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். 'எதுக்கு? அதான் கைடு இருக்கே. அதுவும் அந்த அப்பா சாகுற இடம் இருக்கு பாருங்க, நான் வாசிச்சா கிளாஸ்ல பின் பெஞ்சு பசங்ககூட மூக்கை உறிஞ்சும். கைடுக்காரன் கைடுக்காரன்னு திட்டுறோம், எவனோ அனுபவிச்சுத்தான் எழுதியிருக்கான்.' சொல்லிவிட்டு அடுத்த டிக்கைப் போட்டாள். எவனோ என்றதும் மங்கைக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு ஒரு அல்ப சந்தோஷமும் வந்தது. அவள் எழுதியதிலேயே பாராட்டு வாங்கியது பெயரில்லாத அது ஒன்றுதான். அதை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது.

விடைத்தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஒரு டம்மி எண் மட்டும். ஆணா பெண்ணா? எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது, ர-வுக்குக் கால் நீளம். நாலாம் பக்கத்தில் பேனா மாறியிருந்தது, பக்கத்தில் யாரிடமோ கடன் வாங்கியிருக்க வேண்டும். அரியர் கட்டு இது, ஒருதடவையாவது தோற்றுப்போன பிள்ளைகளின் கட்டு. போன தடவை இதே பிள்ளை அப்பாவைக் கொன்று எட்டோ பத்தோ வாங்கியிருக்கும், மற்றதில் கோட்டை விட்டு ஃபெயிலாகியிருக்கும். தோற்றவர்கள் இலக்கணத்தை அல்லவா பார்ப்பார்கள்? மதிப்பெண் வந்த நாவலை எதற்கு எடுத்துப் படித்தது? மங்கைக்கு அதுதான் பிடிபடவில்லை. எங்கே உட்கார்ந்து படித்திருக்கும்? துணிக்கடையில் வேலைக்கு நின்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்ததோ, பஸ்ஸில் படித்ததோ, மழைக்கு எங்கேயாவது ஒதுங்கியபோது பையில் அது ஒன்றுதான் இருந்ததோ. அப்பா செத்த இடத்தைத் தேடித்தான் படித்திருக்கும், அழலாமென்று. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சாகக் காணோமே என்று முகம் விழுந்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அல்லது இதுவும் கட்டுக்கதையாக இருந்தால்? இந்தப் பிள்ளை படிக்கவே படிக்காமல், கேள்வியைக் குழப்பி அடித்துவிட்டால் வாத்தியார் மிரண்டு மார்க் போட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தால்? அந்த வேலையைச் செய்தவள் அவளே என்பதால் சந்தேகம் அவளுக்குச் சீக்கிரம் வந்தது. ஆனால் மறுநாள் காலையில் காப்பி கேட்கிறார் என்று இருக்கிறதே. அதை யாரும் கற்பனையாக எழுத மாட்டார்கள். கற்பனையில் வருகிற அப்பாக்கள் சத்தியம் வாங்குவார்கள், நிஜ அப்பாக்கள்தான் காப்பி கேட்பார்கள். இதில் அவள் அனுபவசாலி. அவளுடைய அப்பா கேட்டது மழையை.

'மழை வருதா பாரு' என்றார் சபாபதி. பெரியாஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சாயங்காலம். அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர், திருச்சியிலிருந்து மணப்பாறை வழியாகத் திண்டுக்கல், இருபத்தாறு வருஷம் ஒரே வழித்தடம். அப்போது மங்கைக்குப் பதினெட்டு. எட்டிப் பார்த்துவிட்டு வந்து இல்லப்பா என்றாள். ஓ என்றார். விடியற்காலையில் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. கையைப் பிடித்தாரா? பிடித்தார், ஊசி போட்ட கையை நகர்த்த முடியாமல் தலையணையைச் சரிபண்ணச் சொல்லிப் பிடித்தார். இத்தனை வருஷமாக அந்தக் கையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் தலையணை எப்படி விட்டுப்போயிற்று? பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட்ட இலையை எடுக்கும்போது கனகவல்லி அத்தை சொன்னாள், 'எங்கண்ணன் ஆசையெல்லாம் நீ வாத்தியாரம்மா ஆகணுங்கிறதுதான்டி.' எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த நிமிஷம் வரைக்கும் யாராகவும் இல்லாத ஒருத்தி அந்தப் பந்தியில் வாத்தியாரம்மா ஆகிவிட்டாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தவள் அதை அப்படியே விட்டுவிட்டு முதல் வருஷத் தமிழில் போய் உட்கார்ந்தாள், ஏனென்றால் அத்தை சொன்ன வாத்தியாரம்மா எப்படியோ தமிழ் வாத்தியாரம்மாவாக அவள் மனசில் விழுந்திருந்தது. அத்தைக்கு யார் சொன்னார்கள்? பிறகு ஒருநாள் கேட்டபோது, 'டிரைவர் மாணிக்கண்ணன் சொன்னாரே' என்றாள். மாணிக்கம் மாமாவைக் கேட்டபோது, 'உங்கம்மா பேச்சுவாக்குல சொன்னிச்சும்மா' என்றார். அம்மாவைக் கேட்டபோது, 'எனக்கென்ன தெரியும், உங்க அத்தைதானே சொன்னா' என்றாள். மூன்று பேரையும் மூன்று வெவ்வேறு வருஷத்தில் கேட்டிருந்தாள், அதனால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது இருபத்தாறாவது தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு சேர்த்துப் பார்த்தாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் சபாபதி வாயே திறக்கவில்லை.

திறந்தாரே, ஒருதடவை திறந்தார். அதை ஏன் மறந்தாள்? பதினாலு வயசில், லீவு நாளில் அப்பா பஸ்ஸில் ஏறினால் என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள், சூடு தொடையில் ஏறும், டீசல் நாற்றம் தலைக்கேறும், அவளுக்கு அது பிடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டு இப்போது மூன்றாவது, இப்போது நாலாவது என்று கியரைச் சொல்லுவாள். மாணிக்கம் மாமா திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். மணப்பாறை தாண்டி மேட்டில் ஏறும்போது, இந்தாள் இரண்டாவதுக்கு லேட்டாகப் போடுகிறார், வண்டி திணறுகிறது என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள், நான் பஸ் ஓட்டப்போறேன் என்று. அம்மா பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். சபாபதி சோற்றைப் பிசைந்தபடியே, 'ஓட்டேன். யாரு வேணாங்கிறா' என்றார். கிண்டலா? நிஜமாகச் சொன்னாரா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, முகத்தில் ஒன்றும் தெரியாமல் இருபத்தாறு வருஷம் டிக்கெட் கொடுத்தவர். அவளுக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வேண்டாம் என்று திட்டியிருந்தால் அழுது அடம்பிடித்திருக்கலாம். ஓட்டேன் என்றால் ஓட்ட வேண்டுமே. லைசென்ஸ் வாங்க வேண்டும், நாலு பேர் முன்னால் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும், இடித்தால் அவள்தான் இடித்ததாகும். அதன் பிறகு அவள் என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தாள். விடைத்தாளில் இருந்ததும் இதுதான்: அவனுக்கு அதுதான் பயமாகப் போய்விடுகிறது. இந்தப் பிள்ளைக்கு இது எப்படித் தெரிந்தது? தன் வீட்டிலும் யாரோ உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறார்களா? இல்லை, சொல்ல மாட்டேனென்கிறார்களா? கைடில் அந்த மனிதரை அவள் ஏன் கொன்றாள் என்பதும் இப்போது தெரிந்துபோயிற்று. முப்பத்திரண்டு பக்கம் காணாமல் போனதால் மட்டும் இல்லை. யாராவது ஒருத்தராவது சத்தியம் வாங்கியிருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. வாங்காத சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது ரொம்ப அசிங்கமாக இருந்தது, அதனால் நீலமேகத்தின் அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்து வாங்கவைத்தாள்.

சரி, இப்போது என்ன செய்வது? குறிப்பின்படி போட்டால் சாவுக்குச் சைபர், கண்ணீருக்குச் சைபர், ஊர்ப்பேச்சைத் தொட்டிருப்பதால் இரண்டு. ஆக இருபத்து நாலு. ஃபெயில். பொய்யை எழுதிய இருபத்தைந்து பேரும் அந்தக் கேள்வியில் முழுசாக வாங்கிக்கொண்டு போவார்கள், நாவலைப் படித்த ஒரே பிள்ளை, படித்ததற்காகவே மறுபடி பணம் கட்டி மறுபடி எழுத வேண்டும், அப்போது புத்தி வந்து அப்பாவைக் கொன்றுவிடும். பேசாமல் எட்டைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கலாம். ஆனால் முப்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிற தாள்களை முதன்மைத் தேர்வாளர் ஞானசிகாமணி பச்சைப் பேனாவோடு திரும்பப் பார்ப்பார், குறிப்போடு ஒத்துப்போகாததை அடித்துத் தள்ளிவிடுவார். சரி, ஒன்பது, பத்து போட்டால் அவர் கண்ணில் படாது. இந்தப் பிள்ளை தப்பித்துவிடும், அவளும் தப்பித்துவிடுவாள். மங்கை பேனா மூடியைக் கழற்றினாள். கூடத்தைப் பார்த்தாள். இருபத்து நான்கு மேஜை, மேஜைக்கு நாற்பது. அதில் இன்னொரு பிள்ளை நாவலைப் படித்திருந்தால்? ரோஸ்லினின் கட்டில் ஒன்று இருந்தால்? ரோஸ்லின் சராசரியாகப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். மூடியை மாட்டினாள். எழுந்துபோய்ச் சொல்லலாம். குறிப்பு தப்பு என்றால், எப்படித் தெரியும், நாவலைப் படித்தீர்களா என்பார்கள். படிக்கவில்லை. அப்புறம் எப்படி? அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அவள் கௌரவ விரிவுரையாளர். பெயரில் உள்ள கௌரவம் ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்கப்பட்டால்தான் உண்டு. புதுப்பிக்கிற குழுவில் ஞானசிகாமணியும் ஒருத்தர். இருபது வருஷமாகப் பிள்ளைகளை ஏமாற்றிய கைடு எழுதினவள் என்று தெரிந்தால் கௌரவமும் போகும், விரிவுரையும் போகும். போனால்? போனால் என்ன செய்வாள்? என்ன செய்யலாம் என்று அவளை யாரும் கேட்டதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அப்பா கேட்டிருக்கிறார், சோற்றைப் பிசைந்துகொண்டே. வேடிக்கையாக இருந்தது, பயமும் இருந்தது, ஆனால் பயத்தைவிட அந்த முப்பத்திரண்டு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை ஒரு கை கூடுதலாக இருந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ரோஸ்லின், 'பாத்ரூமா? நானும் வரேன்' என்றாள். இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஞானசிகாமணிக்கு அடுத்த வருஷம் ஓய்வு. வேட்டி சட்டை, விபூதி, எதிரில் பச்சைப் பேனா மூன்று, ஒன்று தீர்ந்தால் ஒன்று. 'சொல்லுங்கம்மா.'

'சார், விடைக்குறிப்புல ஒரு தப்பு இருக்கு. நாவல்ல நீலமேகத்தோட அப்பா சாகலை. சத்தியமும் வாங்கலை.'

அவர் சிரித்தார். 'யாரும்மா சொன்னா? கைடுலயே தெளிவா இருக்கே.'

'கைடுதான் சார் தப்பு.'

'நீங்க நாவலைப் படிச்சிருக்கீங்களா?'

'முழுசாப் படிக்கலை சார்.' தாளை அவர் முன்னால் நீட்டினாள். 'ஆனா கைடை நான்தான் எழுதினேன்.'

சொன்ன பிறகு அவளுக்கு மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசை மேஜைகளில் இரண்டு பேனா நின்றது. ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், கையை நீட்டித் தாளை வாங்கினார். முக்கால் பக்கத்தை அவ்வளவு நேரம் படிப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கத்தப்போகிறார் என்று அவள் நின்றாள். 'காப்பி' என்றார். 'ஆமாம்மா. காப்பி கேப்பாரு. பித்தளை டம்ளர்ல. சூடு ஆறிப்போச்சுன்னு கோவிச்சுக்குவாரு.' அவர் அவளைப் பார்க்கவில்லை, மேஜை விளிம்பைப் பார்த்துப் பேசினார். 'காலேஜ்ல படிக்கிறப்ப நாவலைப் படிச்சிருக்கேன். அப்புறம் வேலைக்கு வந்து கைடை வச்சு நடத்தி நடத்தி, எனக்கே அந்தாளு செத்துட்டாரு. வருஷா வருஷம் அந்த இடத்துல கண்ணுல தண்ணி வச்சிக்கிட்டுப் பேசுவேன்.' தாளை மேஜையில் வைத்தார். 'என் மகன் பிளஸ் டூ முடிச்சப்ப இந்தக் காட்சியத்தாம்மா சொன்னேன். ஒரு அப்பன் ஆசைப்பட்டா மகன் எப்படி இருக்கணும் பாருன்னு. அவன் ஒண்ணும் பேசலை. இன்ஜினியரிங் போய்ச் சேர்ந்தான்.'

மன்னிச்சிடுங்க சார் என்றாள் மங்கை. அது அவருக்குச் சொன்னதா, ஓசூரிலோ எங்கேயோ இன்ஜினியராக உட்கார்ந்திருக்கிற அவர் மகனுக்கா என்று அவளுக்கே புரியவில்லை. ஞானசிகாமணி பச்சைப் பேனாவை எடுத்து அந்தப் பதிலுக்கு எதிரே ஒன்பது என்று போட்டுக் கையெழுத்திட்டார். 'எழுத்துப்பிழைக்கு ஒண்ணு குறைச்சிருக்கேன்' என்றார். 'பாஸ்தானே?' முப்பத்தொன்று என்றாள் அவள். 'மத்த பிள்ளைங்களுக்குக் குறைக்க வேணாம். நாம சொன்னத நம்பி எழுதினதுங்க. யாராவது இந்த மாதிரி எழுதியிருந்தா எங்கிட்ட அனுப்பச் சொல்றேன். நீங்க நடந்தத ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க. கைப்பட. அடியில பேரு, கையெழுத்து. நான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பணும். அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. அத நான் மறைச்சுச் சொல்ல மாட்டேன்.' சரி சார் என்றாள். அவர் எழுந்து, கூடத்து வாசலில் எல்லாரும் செல்போனைப் போட்டுவைத்திருந்த அட்டைப்பெட்டியில் துழாவித் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முகாம் நேரத்தில் போனைத் தொடக் கூடாது என்று முதல் நாள் உத்தரவு போட்டதே அவர்தான்.

மங்கை அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினாள். ஐந்து நாளில் எழுதியதை ஒப்புக்கொள்ளப் பத்து வரி போதுமாக இருந்தது. அடியில் ச. மங்கையர்க்கரசி என்று முழுசாகப் போட்டாள், எழுத்து நன்றாகத்தான் இருந்தது. கொடுத்துவிடலாமென்று தாளோடு வராந்தாவுக்கு வந்தாள். வெயில் தரையில் வெள்ளையாக விழுந்து கண்ணைக் கூசவைத்தது. தூணோரமாக ஞானசிகாமணி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

'ஒண்ணுமில்லப்பா, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்... இல்ல, அம்மாவும் நல்லா இருக்கா. சும்மாதான். அன்னைக்குக் கேக்காம விட்டுட்டேன், அதான். உனக்கு அப்ப என்ன படிக்கணும்னு இருந்துச்சு?'

அவள் தாளை மடிக்காமல் நின்றாள். அந்தப் பக்கம் ஏதோ ஒரு வார்த்தைதான் வந்திருக்க வேண்டும்.

'தெரியலையா?' என்றார் அவர். 'பரவாயில்ல, யோசிச்சுச் சொல்லு. நான் வைக்க மாட்டேன். இருக்கேன்.'